ஊர் பேர் தெரியாத கல்

எங்க ஊர் மீன்சுருட்டி. ஆறாவது படிக்கும்போது, ரோடு போடக் கொட்டியிருந்த குவியல்ல சுருண்ட நத்தை மாதிரி ஒரு கல் எடுத்தேன். அது அம்மோனைட்டுன்னு காலேஜ் முடிச்ச பிறகுதான் தெரிஞ்சது. பல கோடி ஆண்டுகளுக்கு முன்னாடி கடல்ல வாழ்ந்த உயிரினத்தோட ஃபாசில். எந்தக் குவாரியில இருந்து லாரி ஏறி வந்ததுன்னு தெரியாது. அதனால ஆராய்ச்சிக்கு அந்தக் கல் கிட்டத்தட்ட பயனில்லை. ஏன்?

1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கம் ஃபாசில்களைச் சேகரித்தார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து, இவை கிரிட்டேசியஸ் காலத்தவை என்றார். ஆனா எது முந்தியது, எது பிந்தியது? அதற்கு நிலத்தையே படிக்கணும். இந்திய புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு அதைத்தான் செய்தார். பாறை அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்து 1862இல் வெளியிட்டார். அந்தப் பெயர்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கு. கல்கத்தாவில் இருந்த ஸ்டோலிக்ஸ்கா, இந்தப் பகுதி ஃபாசில்களை நான்கு பெரிய தொகுதிகளாக எழுதினார். கல்லோடு இடக்குறிப்பும் சேர்ந்து போனதால்தான் அது முடிஞ்சது. நம்ம பாஷையில சொன்னா, மெட்டாடேட்டா இல்லாத ஃபைல் மாதிரிதான் இடம் தெரியாத ஃபாசில்.

குறிப்பு இருந்தும் கை நழுவினது ஒண்ணு. அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த ராட்சத டைனோசர் எலும்புகளுக்கு, 1980களின் கடைசியில் 'புருகத்காயோசாரஸ்'னு பேர் வச்சாங்க. அந்த எலும்புகள் சிதைஞ்சு போச்சு. இப்போ மிச்சம் படங்களும் விவரிப்பும்தான். அதை வச்சுத்தான் உலகம் முழுக்க இன்னும் வாதாடுறாங்க.

இப்போ நம்ம சுண்ணாம்புக்கல் குவாரிகளுக்கு வருவோம். மண்ணுக்குள்ள இருக்கிற அடுக்கை நமக்குக் காட்டுறதும் குவாரிதான், அதை அரைச்சு சிமென்ட்டுக்கு அனுப்புறதும் குவாரிதான். அதனால சேகரிக்கிறது தப்பில்லை. முறையா சேகரிக்கணும், அவ்வளவுதான்.

முதல்ல, சுரங்க மேலாளர்கிட்ட அனுமதி வாங்குங்க, வெடி வைக்கிற நேரத்தைக் கேட்டுக்கோங்க. தனியா போகாதீங்க. ஹெல்மெட், ஷூ, கண்ணாடி கட்டாயம். செங்குத்துச் சுவருக்குக் கீழே நிக்கவே கூடாது, மழைக்குப் பிறகு கண்டிப்பா கூடாது. தண்ணி நிக்கிற பழைய குழிப்பக்கம் பிள்ளைகளை விடாதீங்க.

சுவரை உடைக்க வேண்டாம், கீழே உதிர்ந்து கிடக்கிறதுல ஒண்ணு ரெண்டு போதும். எடுக்கிறதுக்கு முன்னாடி பக்கத்துல ஸ்கேல் வச்சு போட்டோ எடுங்க. தேதி, ஜிபிஎஸ், எந்த அடுக்குக்குக் கீழே கிடந்ததுன்னு சீட்டுல எழுதி, கல்லோடவே பேப்பர்ல சுத்துங்க. எலும்பு மாதிரி தெரிஞ்சா கை வைக்காதீங்க. போட்டோவும் இடமும் புவியியல் ஆய்வுத் துறைக்கோ, வாரணவாசி அருங்காட்சியகத்துக்கோ போகட்டும். சாத்தனூர் கல்மரப் பூங்கா பாதுகாக்கப்பட்ட இடம். அங்கே ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது.

என் மேசைக் கல்லுக்குப் பக்கத்துலயும் ஒரு சீட்டு வச்சிருக்கேன்: 'மீன்சுருட்டி, ரோட்டோரக் குவியல். வந்த இடம் தெரியாது.' நீங்க எடுக்கிற கல்லுக்கு அப்படி எழுத வேண்டி வரக்கூடாது. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.