திருவருளும் தன்முயற்சியும் (ஸ்ரீவைணவம்)

எல்லாம் வல்ல இறைவன் கருணையும் உடையவன் என்றால், உயிர்கள் எல்லாவற்றையும் இப்போதே கரையேற்றாமல் ஏன் விட்டுவைத்திருக்கிறான்? கரையேற உயிர் தன் பங்குக்குச் செய்ய வேண்டியது ஏதேனும் உண்டா? இவ்விரண்டு கேள்விகளையும் பற்றித் தமிழகத்து ஸ்ரீவைணவ ஆசாரியர்களிடையே 13ஆம் நூற்றாண்டு முதல் நடந்துவரும் விவாதம் இது. வடகலை, தென்கலைப் பிரிவுகளின் கொள்கை வேறுபாடுகளில் இதையே தலையாயதாகக் கொள்வர். இம்மரபில் உயிர்கள் தொடக்கமற்றவை. படைப்பு என்பது அவற்றுக்கு உடலும் கருவிகளும் கொடுப்பது மட்டுமே. அதனால் குறையுள்ள மனிதனை ஏன் படைத்தான் என்ற கேள்விக்கு இங்கு இடமில்லை. கண்டும் ஏன் வாளாவிருந்தான் என்பதே கேள்வி.

விவாதத்தின் வேர் பிரம்ம சூத்திரத்தில் உள்ளது. உலகில் ஒருவன் சுகப்படவும் இன்னொருவன் அல்லற்படவும் காண்பதால் இறைவனுக்குப் பாரபட்சமும் கொடுமையும் ஒட்டுமோ என்ற ஐயத்தை அதன் இரண்டாம் அத்தியாயம் எழுப்புகிறது. அவன் உயிர்களின் வினையை நோக்கியே பலன் தருகிறான், வினைத்தொடருக்கு முதல் இல்லை என்று அதற்கு விடையும் கூறுகிறது.

ஆழ்வார்கள் இதைக் கோட்பாடாக வகுக்கவில்லை. ஆயினும் நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில், திருப்பேர்நகர்ப் பதிகத்தில், இறைவனிடமே ஒரு கேள்வி வைக்கிறார்: இன்று என்னை ஒரு பொருட்டாக மதித்து உள்ளே வந்து குடிகொண்டவன், அன்று என்னை வெளியே திரியவிட்டது எதற்காக? பின்வந்த விவாதம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும். வியாக்கியான மரபு இவ்விடத்தில் இறைவனை மறுமொழி இல்லாதவனாகவே நிறுத்துவது குறிப்பிடத்தக்கது.

இராமானுசர் (மரபுப்படி 1017–1137) பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில், உயிரின் செயல் இறைவனைச் சார்ந்தது என்றும், உயிர் செய்யும் முதல் முயற்சியை நோக்கி அவன் அனுமதி தருகிறான் என்றும் எழுதினார். இதற்கு அவர் எடுத்த உவமை பக்திப் பாடல்களிலிருந்து வந்ததன்று. பத்திரப் பதிவு அலுவலகத்தில் கேட்கக்கூடியது. இருவருக்குப் பொதுவான சொத்தை ஒருவர் மூன்றாமவருக்குக் கொடுக்க விரும்பினால் பங்காளியின் சம்மதம் வேண்டும். ஆனால் அந்தச் சம்மதத்தைக் கேட்டு வாங்கியவர் அவரே என்பதால் கொடுத்த பலன் அவரையே சேரும். நன்மையில் உறுதியாக நிற்பவனுக்கு அந்த நாட்டத்தை இறைவன் வளர்த்துவிடுகிறான் என்றும் அங்கே கூறுகிறார். அவர் பெயரில் வழங்கும் சரணாகதி கத்யத்தை இரு பிரிவினரும் தம் கொள்கைக்குச் சான்றாகக் காட்டுவர். அது அவர் இயற்றியதுதானா என்று ஐயுற்ற தற்கால ஆய்வாளர்களும் உண்டு.

இவ்விவாதத்துக்கான நூல்களில் பெரும்பாலானவை 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் உரியவை. திருவாய்மொழியின் ஈடு உரையைத் திருவரங்கத்தில் ஏடுபடுத்திய வடக்குத் திருவீதிப் பிள்ளையின் மகனும், தென்கலையார் தம் ஆசாரியராகக் கொள்பவருமான பிள்ளை லோகாசாரியர் இவற்றை இயற்றியவர்களுள் முதல்வர். அவருடைய ஆண்டுகள் பற்றி மரபும் ஆய்வாளரும் ஒத்துப்போவதில்லை. மணிப்பிரவாள நடையில் அவர் இயற்றிய பதினெட்டு ரகசிய நூல்களில் ஸ்ரீவசனபூஷணமே இவ்விவாதத்தின் மையம். இறைவன் ஒருவனே உபாயம் (வீடுபேற்றுக்கு வழி). உயிரின் சரணாகதியை (அடைக்கலம் புகுதலை) உபாயம் என்று எண்ணுவதே பிழை என்பது அதன் நிலை. உயிர் அவனுடைய உடைமை. உடைமை தன்னைத் தானே காத்துக்கொள்ள முனைவது உடையவனின் உரிமையில் கைவைப்பதாகும். அப்படியானால் உயிரின் பங்கு என்ன? விலக்காமை. வருகிற அருளைத் தள்ளிவிடாதிருந்தால் போதும்.

ஆனால் அதே நூலில் வேறொரு பகுதி உண்டு. உரையாசிரியர்களுக்கு அதில் தனிச் சுவை. இறைவன் உயிரின் கணக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து ஏதாவது நன்மை அகப்படுமா என்று தேடுகிறான். ஒருவன் வேறு வேலையாகப் பேசும்போது திருப்பதி ஒன்றின் பெயரைச் சொல்லியிருப்பான். வழிப்போக்கனான அடியவன் ஒருவன் இவன் நிழலில் ஒதுங்கியிருப்பான், இவன் தண்ணீர் வார்த்திருப்பான். இவற்றையெல்லாம் இறைவன் புண்ணியமாக வரவு வைக்கிறான். ஒருவன் மடியில் அவனறியாமல் மாங்காயைச் செருகிவிட்டு, பறித்தது நீதான் என்று பிடிப்பதுபோல இல்லாத நன்மையை அவன் தலையில் கட்டுகிறான். பொன் வணிகன் உரைகல்லில் ஒட்டிய துகளை மெழுகால் ஒற்றி ஒற்றிச் சேர்த்துக் கால் கழஞ்சாக்குவதுபோல, பிறவிதோறும் துளித்துளியாகச் சேர்க்கிறான். ஒன்றைப் பத்தாக எழுதிக்கொள்கிறான். கொள்கை அளவில் காரணமே வேண்டாத கருணையைப் பேசும் நூல், காரணத்தைத் தேடி அலையும் இறைவனை இவ்வளவு விரிவாகத் தீட்டுவது முரண் என்பர் வடகலையார். அந்த நன்மைகளும் அவன் கற்பித்துக்கொண்டவையே, உயிர் ஈட்டியவை அல்ல என்பது தென்கலையார் மறுமொழி.

வடகலையார் தம் ஆசாரியராகக் கொள்ளும் வேதாந்த தேசிகர் (மரபுப்படி 1268–1369) காஞ்சிபுரத்துத் தூப்புலில் பிறந்தவர். திருவஹீந்திரபுரத்திலும் திருவரங்கத்திலும் வாழ்ந்தார். 32 அதிகாரங்கள் கொண்ட ரகசியத்திரயசாரத்தில் அவர் வைக்கும் வாதம் எளியது. கருணைக்கு எந்தக் காரணமும் வேண்டாம் என்றால் எல்லோரும் ஏககாலத்தில் வீடு பெற வேண்டும். அது நடக்கவில்லை. ஆகவே ஒன்று இறைவன் ஆள் பார்த்துக் கொடுக்கிறான் என்று சொல்ல வேண்டும்; அல்லது கொடுப்பதற்கு ஏதோ ஒரு வியாஜம், சாக்கு, அவனுக்கு வேண்டியிருக்கிறது என்று ஒப்ப வேண்டும். தேசிகர் இரண்டாவதை ஏற்றார். அந்தச் சாக்கு சரணாகதி. அருளுக்கு அது விலையாகாது என்பதை அவர் பல இடங்களில் வற்புறுத்துகிறார்: என்றும் உள்ள உபாயம் இறைவனே, உயிர் செய்வது அவனைத் தூண்டும் சிறு செயல். வாழ்நாளில் ஒருமுறை, ஒரு கணம் செய்தால் போதும். தானே செய்யத் திறமில்லாதவனுக்காக ஆசாரியர் செய்யலாம். இவ்வளவு குறைத்த பிறகு விலக்காமைக்கும் வியாஜத்துக்கும் இடையே எஞ்சும் தொலைவு மிகச் சிறிது என்றே இத்தொகுப்பாளருக்குத் தோன்றுகிறது. பிரிவினர் அவ்வாறு கருதுவதில்லை.

லோகாசாரியரும் தேசிகரும் நேரில் வாதிட்டதாகச் சான்றில்லை. இருவர் வரலாற்றிலும் திருவரங்கத்தின் மீதான தில்லிப் படையெடுப்பு வருகிறது. அது 1311ஆம் ஆண்டினதா 1323ஆம் ஆண்டினதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. லோகாசாரியர் திருவரங்கத்து உற்சவரான நம்பெருமாளின் திருமேனியோடு தெற்கே சென்று மதுரைக்கு அருகே சோதிஷ்குடியில் காலமானார் என்பது மரபு. தேசிகர் பிணங்களுக்கிடையே கிடந்து ஸ்ரீபாஷ்ய உரையான சுருதப்பிரகாசிகையின் சுவடியைக் காத்தார் என்பர். நம்பெருமாள் திரும்பி எழுந்தருளியது 1371இல். லோகாசாரியரைப் போற்றும் லோகாசாரிய பஞ்சாசத் என்ற துதியைத் தேசிகர் பாடினார் என்று தென்கலையார் கூறுவர். வடகலையார் அதை அவருடையதாக ஏற்பதில்லை.

மணவாள மாமுனிகள் (1370–1443) ஸ்ரீவசனபூஷணத்துக்கு உரை எழுதித் தென்கலை நிலைக்கு வடிவம் தந்தார். பிளவு உருப்பெற்றதில் முதலிரு ஆசிரியர்களைவிட இவர் காலத்துக்கும் பின்வந்தோருக்குமே பங்கு அதிகம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி வடகலைக்கும், தாய் வாயில் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி தென்கலைக்கும் உவமையாக இன்று வழங்குகின்றன. மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்னும் இவ்வழக்கு பிற்காலத்தது எனலாம். தேசிகரின் ஒரு கணச் சரணாகதிக்கு, விடாமல் பற்றியிருக்கும் குரங்குக்குட்டி அவ்வளவாகப் பொருந்துவதுமில்லை. இரு பிரிவுகளின் வேறுபாடுகளைப் பதினெட்டாகத் தொகுத்த பட்டியலை ஆள்கொண்டவில்லி கோவிந்தாசாரியார் 1910இல் இலண்டன் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ 1930இல் வெளிவந்த நூலில் இவ்விவாதத்தைக் கிறிஸ்தவ அருட்கோட்பாட்டோடு ஒப்பிட்டார். 1988இல் பட்ரீஷியா மம்மி, மாமுனிகளையும் தேசிகரையும் எதிரெதிரே வைத்து ஆராய்ந்தார்.

கோயில்களில் விவாதம் வேறு உருவம் கொண்டது. காஞ்சி வரதராசர் கோயிலில் எந்தத் தனியனை (ஆசாரியரைப் போற்றும் செய்யுளை) முதலில் சொல்வது, பிரபந்த கோஷ்டியில் (பாசுரம் ஓதும் குழுவில்) யாருக்கு இடம் என்பன பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்திலிருந்து நீதிமன்றங்களில் வழக்காயின. அக்கோயில் தொடர்பான வழக்கு 2022இலும் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது.