கத்திக்கு முன்னே ஓர் ஊசி

"ஏம்மா, ஊசி குத்தினா கட்டி பரவிடாதா?" கழுத்தில் தைராய்டு கட்டியோடு, மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். ஸ்லைடுகளுக்குச் சாயம் போட்டே பணிக்காலத்தைக் கழித்த ஆய்வக டெக்னீஷியன் நான். இது ஏதோ படிக்காதவர்களின் பயம் என்று சிரிக்க எனக்கு வாய் வராது. அமெரிக்க மருத்துவர்கள் பலரே பல பத்தாண்டுகள் இப்படிப் பயந்தவர்கள்தான்.

ஊசிக்கு முன் கத்திதான் இருந்தது. ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவு. வீங்கிய கழுத்துகள் அங்கே சகஜம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோக்கர் ரத்தம் அதிகம் சிந்தாமல் தைராய்டை அறுத்தெடுப்பதில் தேர்ந்தார். பிறகு, முழுச் சுரப்பியையும் எடுத்திருந்த தன் நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். பலருக்கு முகம் ஊதி, புத்தி மந்தமாகியிருந்தது. சிறுவயதில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வளர்ச்சியே நின்றிருந்தது. 1883 இல் அதை அவரே ஒளிக்காமல் அறிவித்தார். 1909 இல் நோபல் பரிசு வந்தது. என் கணக்கில் அதைவிடப் பெரிது அந்த அறிவிப்பு.

அறுக்காமலே கட்டியின் குணத்தை அறியும் வழி 1930 இல் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையிலிருந்து வந்தது. ஊசியால் உறிஞ்சியெடுத்த செல்களைப் பார்த்து நோயைச் சொல்லும் முறையை ஹேய்ஸ் மார்ட்டினும் எட்வர்டு எல்லிஸும் வெளியிட்டார்கள். மார்ட்டின் அறுவை மருத்துவர், எல்லிஸ் ஆய்வக டெக்னீஷியன். (எங்கள் ஜாதிக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.) ஆனால் அவர்கள் எடுத்தது தடித்த 18 கேஜ் ஊசி. பரவிவிடும் என்ற அச்சம் ஒருபக்கம். திசுத் துண்டு இல்லாமல் வெறும் செல்லை வைத்து எப்படிச் சொல்வது என்ற நோயியலாளர்களின் முணுமுணுப்பு மறுபக்கம். முறை அங்கே பரவலாக வேர்விடவில்லை.

அதை வளர்த்தது சுவீடன். 1952 இல் நில்ஸ் சோடர்ஸ்ட்ரோம் தைராய்டு வீக்கங்களில் ஊசி போட்டு எடுத்த முடிவுகளை வெளியிட்டார். ஸ்டாக்ஹோமில் சிக்ஸ்டன் ஃபிரான்சேனும் கூட்டாளிகளும் மெல்லிய ஊசியை வழக்கமாக்கினார்கள். ஃபிரான்சேன் ரத்தவியல் அறிந்தவர். அதனால் ரத்தப் படலத்தைப் போலவே செல்களைக் கண்ணாடியில் தேய்த்து, காற்றில் உலர்த்தி, ஜீம்சா சாயம் போட்டார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். மெல்லிய ஊசியால் கட்டி பரவுவது மிக மிக அரிது என்று அனுபவத்தில் தெரிந்த பிறகுதான், 1970களின் பிற்பகுதியில் அமெரிக்கா ஊசியைத் திரும்ப எடுத்தது.

இடையே, 1951 வாக்கில் பெனடிக்ட் கேசன் செய்த கருவி, கதிரியக்க அயோடினைச் சுரப்பி எங்கே இழுக்கிறது என்று புள்ளிகளாக வரைந்தது. அதிகம் இழுத்தால் 'சூடான' கட்டி, இழுக்காவிட்டால் 'குளிர்ந்த' கட்டி. சூடானது புற்றாவது அபூர்வம். ஆனால் குளிர்ந்தவற்றிலும் பெரும்பாலானவை சாதுவானவையே. அதனால் ஸ்கேனை மட்டும் நம்பி அறுத்ததில் வீணானவை ஏராளம். இன்று ரத்தத்தில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். குறைந்திருந்தால்தான் அந்த ஸ்கேன். மற்றவர்களுக்கு அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் ஊசி.

அல்ட்ராசவுண்டும் தன் பங்குக்கு ஒரு வினை செய்தது. தென்கொரியாவில் புற்றுநோய்ப் பரிசோதனைகளில் கழுத்தையும் சேர்த்துப் பார்க்கப் போய், 2011 இல் தைராய்டு புற்று விகிதம் 1993 இல் இருந்ததைப் போல 15 மடங்காயிற்று. இறப்பு விகிதம் மட்டும் மாறவில்லை. ஒன்றும் செய்யாமல் கிடந்திருக்கும் கட்டிகளுக்காக எத்தனை கழுத்துகள்!

ஊசிக்கும் எல்லை உண்டு. ஃபாலிகுலர் என்ற வகைத் தைராய்டு கட்டியில் புற்றா இல்லையா என்பது கட்டியின் உறையைச் செல்கள் துளைத்திருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது. உறிஞ்சிய செல்லில் உறை தெரியாது. இந்த மயக்கங்களை வரிசைப்படுத்தத்தான் 2007 இல் அமெரிக்காவின் பெதஸ்தாவில் கூடிப் பேசி ஆறு வகைகள் வகுத்தார்கள். 2 என்றால் சாது, 6 என்றால் புற்று, இடையில் சந்தேகத்தின் படிகள்.

வகை 1 என்று வந்தால் மட்டும், ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். எடுத்த செல் போதவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். ஊசியைத் திரும்பப் போட வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.