மாவு மில்காரரின் கட்டைவிரல்

ஐரோப்பாவின் குளிர்ந்த ஓடைகளில் கல்லுக்கடியில் பதுங்கிக் கிடக்கும் ஒரு சின்ன மீன், புல்ஹெட். தலை மட்டும் பெரிதாக, தட்டையாக இருக்கும். மாவைத் தேய்த்துப் பதம் பார்த்தே அகன்றுபோன மில்காரரின் கட்டைவிரல் மாதிரி இருக்கிறதாம். அதனால் இங்கிலாந்தில் இதற்கு 'மில்லர்ஸ் தம்ப்' என்றும் பெயர்!

1758ல் ஸ்வீடனைச் சேர்ந்த லின்னேயஸ் இதற்கு காட்டஸ் கோபியோ என்று பெயர் வைத்தார். பிறகு வெகுகாலம் ஐரோப்பாவின் பெரும்பாலான ஓடைகளுக்கும் அந்த ஒரே பெயர்தான். ஆனால் இந்த மீனுக்குக் காற்றுப்பை கிடையாது. அடிமட்டத்தை விட்டு அதிகம் நகராது. அப்படி ஒவ்வொரு நதியிலும் தனித்தனியாகப் பிரிந்து வளர்ந்திருக்கிறது. 2005ல் ஃப்ரைஹோஃப், கோட்டலாட், நோல்டே மூவரும் எட்டுப் புது இனங்களை அடையாளம் காட்டினார்கள்.

அதே 2005ல் இன்னொரு ஆச்சரியமும் வெளிவந்தது. ஓடையை விட்டு வராத இந்த மீன், ரைன் நதியின் கலங்கிய, வெதுவெதுப்பான நீரில் பெருகிக்கொண்டிருந்தது எப்படி? மரபணுவைச் சோதித்தால், அது கலப்பினம்! ரைன் பக்கத்து ஓடை மீனும் பெல்ஜியம் பக்கத்து ஷெல்ட் நதி மீனும் கலந்தது. கப்பல் போக மனிதன் வெட்டிய கால்வாய்கள்தான் இந்த இரண்டு நதிகளையும் இணைத்தன. இரண்டு சிறு கம்பெனிகள் இணைந்து, இரண்டுமே நுழையாத மார்க்கெட்டைப் பிடித்த மாதிரி!

ஆனால் சிற்றோடைகளின் குளிர்ந்த நீரில் இன்னும் பழைய மீனின் ராஜ்ஜியம்தான். இரண்டும் சந்திக்கும் இடம், ஓடை பெரிய ஆற்றில் கலக்கும் அந்தக் குறுகிய எல்லை மட்டுமே.