முடி கொத்துக் கொத்தா கொட்டுதா? ஷாம்பூவை மாத்தும் முன் 3 மாசம் பின்னாடி யோசிங்க!

சீப்பை வச்சாலே முடி கையோடு வருகிறதா? "தண்ணி சரியில்ல", "எண்ணெய் சேரல" என்பதுதான் வீட்டில் முதலில் வரும் பேச்சு. ஆனால், பல நேரங்களில் காரணம் உடம்புக்குள்ளேயோ, சாப்பிடும் மாத்திரையிலோ இருக்கலாம்.

எவ்வளவு கொட்டினால் இயல்பு?

தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது சாதாரணம். அதற்கு மேல் வாரக்கணக்கில் தொடர்ந்தால் கவனிக்கணும்.

அது என்ன 3 மாதக் கணக்கு?

டெங்கு, டைபாய்டு, கொரோனா போன்ற கடும் காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், திடீர் எடைக்குறைவு ஆகியவை உடலை உலுக்கும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பல ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடும். அவை உதிர்வது 2, 3 மாதம் கழித்துத்தான். அதற்குள் காய்ச்சல் வந்ததே மறந்திருக்கும். இதற்கு 'டெலோஜென் எஃப்ளூவியம்' என்று பெயர். வேர் சாகாததால், பெரும்பாலும் 6 மாதத்துக்குள் உதிர்வு குறைந்து முடி மீண்டும் வளரும்.

எந்தெந்த நோய்கள்?

* தைராய்டு: சுரப்பு கூடினாலும் குறைந்தாலும் முடி கொட்டும்.
* இரும்புச்சத்து குறைபாடு: மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமுள்ள பெண்களுக்கு இது சகஜம்.
* பிசிஓஎஸ்: உச்சந்தலையில் முடி மெலியும்; மாதவிடாயும் தள்ளிப்போகும்.
* புழுவெட்டு: பெயரில்தான் புழு. உடலின் எதிர்ப்பு சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வட்ட வட்டமாகக் கொட்டுகிறது.
* லூபஸ், தலையில் வரும் பூஞ்சைத் தொற்று.

எந்தெந்த மருந்துகள்?

புற்றுநோய்க்கான கீமோதெரபியில் சில வாரங்களிலேயே முடி கொட்டத் தொடங்கும். வலிப்புக்கான வால்ப்ரோயேட், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், மனநல சிகிச்சையில் தரப்படும் லித்தியம், பிபிக்கான சில பீட்டா பிளாக்கர்கள், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாய்ன் ஆகியவற்றால் சிலருக்கு முடி உதிரலாம். எல்லோருக்கும் இல்லை.

மாத்திரையை நிறுத்திடலாமா?

கூடவே கூடாது! வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் வலிப்பு திரும்பலாம். வார்ஃபரினை நிறுத்தினால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரை போகலாம். முடி மறுபடி முளைக்கும். டாக்டரிடம் சொன்னால் டோஸையோ மருந்தையோ மாற்ற முடியுமா என்று பார்ப்பார்.

பயோட்டின் சாப்பிடுறீங்களா?

முடிக்காகக் கடையில் வாங்கும் பயோட்டின் மாத்திரை, அதிக டோஸில் தைராய்டு ரத்தப் பரிசோதனை முடிவையே தவறாகக் காட்டக்கூடும். அமெரிக்காவின் எஃப்டிஏ 2017-லேயே இதை எச்சரித்தது. டெஸ்ட்டுக்கு முன் டாக்டரிடமும் லேபிலும் கட்டாயம் சொல்லுங்க.

உடனே டாக்டரைப் பார்க்க வேண்டியது எப்போது?

வட்டமாக வழுக்கை விழுந்தால், தலையில் சிவப்பு, வலி, சீழ் இருந்தால், புருவ முடியும் கொட்டினால், குழந்தைகளுக்குக் கொட்டினால் தாமதிக்காதீங்க. போகும்போது கடந்த 6 மாதத்தில் வந்த காய்ச்சல், சாப்பிட்ட மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் எழுதிக் கொண்டு போங்க. பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.