மிருகசீரிடத்து மழை

வானம் என்றும் ஒரே நிறமாகவும், காற்று என்றும் ஒரே அளவாகவும் அமைந்த நாடு ஒன்று இருக்குமாயின், அந்நாட்டு மக்கள் காலையில் எழுந்ததும் ஒருவரோடொருவர் எதைப்பற்றிப் பேசத் தொடங்குவர்? இக்கேள்வி என் உள்ளத்தில் எழுந்த இடம் சைனிக்புரி. ஐதராபாத்திற்கு வடகிழக்கே, செகந்திராபாத் படைவீட்டைக் கடந்ததும் இருப்பது இவ்வூர். சைனிகர் என்றால் போர்வீரர். படையில் பணிபுரிந்தோர் கூட்டுறவு முறையில் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறியமையால் இப்பெயர் பெற்றது. எனக்கும் படைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாக வந்தேன், வாடகைக்கு வீடு கிடைத்தது இங்கே, அவ்வளவே.

எங்கள் தெருவில் பஞ்சாபியர் உண்டு, மலையாளிகள் உண்டு, தெலுங்கர் உண்டு, தமிழரும் உண்டு. உணவால், உடையால், வழிபாட்டால் வேறுபட்ட இவர்கள் அனைவரும் ஆண்டில் ஒரு மாலைப்பொழுதில் மட்டும் ஒரே காரியத்தைச் செய்கின்றனர். வாயிற்படிக்கு வந்து, தலையை உயர்த்தி, மேற்கு வானத்தைப் பார்க்கின்றனர். ஜூன் மாதம் முதல் வாரம் கழிந்த ஒரு மாலை அது. அன்று மழை வந்துவிட்டால் தெரு திருவிழாக் கோலம் கொள்கிறது. வரவில்லையாயின், தம் வீட்டுக்கு வரவேண்டிய விருந்தினர் வாராது போனாற்போல முகம் வாடி உள்ளே செல்கின்றனர்.

காவிரிக் கரையில் பிறந்த எனக்கு இது தொடக்கத்தில் விளங்கவில்லை. நம்மவர்க்கு மழையென்றால் ஐப்பசியும் கார்த்திகையும். தொல்காப்பியர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தார் என்பதை அறிவோம். ஆவணியில் தொடங்குவது கார். பின்னர்க் கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆனியும் ஆடியும் அவர் கணக்கில் முதுவேனில், அதாவது கொடிய கோடை. தக்கண மேட்டுநிலத்திலோ ஆனி பிறக்குமுன்பே கோடை முடிந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் நாளையொட்டிக் கேரளக் கரையைத் தொட்டு, இரண்டாம் வாரத்தளவில் ஐதராபாத்தை எட்டுவது வழக்கம். ஆண்டு முழுவதும் இங்கே பெய்யும் ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி செப்டம்பருக்குள் பெய்து தீர்ந்துவிடும். ஆகவே ஐதராபாத்தில் குடியேறும் தமிழன் தெலுங்கும் உருதுவும் கற்பதற்கு முன்னே பருவங்களைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியவனாகிறான்.

அதற்கு இந்நாட்டு உழவர் ஓர் எளிய பஞ்சாங்கம் வைத்திருக்கின்றனர். ஞாயிறு ஒரு நாண்மீனில் தங்கும் பதின்மூன்று பதினான்கு நாட்களை அவர்கள் ஒரு ‘கார்த்தி’ என்பர். ஆண்டுக்கு இருபத்தேழு கார்த்திகள். நம் அக்கினி நட்சத்திரமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஞாயிறு பரணியின் மூன்றாம் பாதத்திலிருந்து உரோகிணியின் முதற்பாதம் வரை செல்லும் நாட்களைத்தான் நாம் கத்திரி என்கிறோம். நாம் கத்திரி கழிந்தது என்று பெருமூச்சு விடும்போது தெலுங்கு நாட்டில் உரோகிணிக் கார்த்தி தொடங்குகிறது. ஆட்டுக்கல்லும் வெடித்துவிடும் வெயில் என்று அதனைச் சொல்வார்கள். இது வெறும் மிகையன்று. ஐதராபாத்தில் பதிவான வெப்பநிலையின் உச்சமாகிய 45.5 டிகிரி செல்சியஸ், 1966ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், அதாவது உரோகிணிக் கார்த்தியில்தான் ஏற்பட்டது. அது கழிந்து ஜூன் 8ஆம் நாளையொட்டிப் பிறப்பது மிருகசீரிடக் கார்த்தி. அன்று வீடுதோறும் மீன் சமைப்பர். உடலின் வெப்பநிலை திடீரென மாறும் காலத்தில் மீன் நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. ஈளைநோய்க்காரர் பல்லாயிரவர் விரால் குஞ்சின் வாயில் வைத்த மருந்தை உயிருடன் விழுங்குவதற்கு இந்நகருக்கு வருவதும் அந்நாளில்தான். மருத்துவ அறிஞர்கள் அதனை ஏற்பதில்லை என்பது வேறு செய்தி.

இந்த மிருகசீரிடத்தை ஒரு மன்னனே விழாவாகக் கொண்டாடினான் என்பதை அறிந்தபோது எனக்குண்டான மகிழ்ச்சி பெரிது. 1591இல் ஐதராபாத் நகரை நிறுவிச் சார்மினாரை எழுப்பிய முகம்மது குலி குதுப் ஷாவே அம்மன்னன். 1580 முதல் 1612 வரை கோல்கொண்டாவை ஆண்டவன். ஆட்சியாளன் என்பதினும் கவிஞன் என்றே அவனை இலக்கிய வரலாறு போற்றுகிறது. உருது மொழியின் முன்னோடியாகிய தக்கணியில் முழுத் தொகுதி கண்ட முதற் கவிஞன் அவன் என்பர். அவன் மறைந்தபின், அவன் தம்பிமகனும் மருமகனுமாகிய சுல்தான் முகம்மது குதுப் ஷா, 1616இல் அப்பாடல்களைத் தொகுத்தான். இருபதாம் நூற்றாண்டில், 1940இல், மொகியுத்தீன் காதிரி சோர் என்னும் அறிஞர் அவற்றைப் பதிப்பித்து வெளியிட்டார்.

அத்தொகுதியில் இறைவன் மீதும், பெருநாட்கள் மீதும், அரண்மனைகள் மீதும் பாடல்கள் இருப்பது வியப்பன்று. மழைக்காலத்தின் மீது பாடல்கள் உண்டு. குளிர்காலத்தின் மீது உண்டு. வசந்தத்தின் மீது உண்டு. ‘மிருக்’ என்னும் தலைப்பிலேயே பாடல்கள் உண்டு. மிருக் என்பது வேறொன்றுமில்லை, நம் மிருகசீரிடமே. பாரசீகக் கவிதை மரபில் ஊறியவன், ரோசாவையும் புல்புல்லையும் பாடி நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவன் தன் மாடத்திலிருந்து கண்ட கருமேகத்தையும், ஒரே இரவில் பசுமை பூண்ட பாறைநிலத்தையும், முதன்மழை நாளில் வண்ண ஆடை உடுத்து வந்த மகளிரையும் பாடினான். தெலுங்கு உழவன் ஏரைப் பூட்டும் நாளைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நாண்மீனை, கோல்கொண்டாவின் சுல்தானும் பார்த்துக்கொண்டிருந்தான். சமயத்திற்கோ குலத்திற்கோ உரியதாகாத, வானத்திற்கே உரிய ஒரு விழா அரசவையில் இடம்பெற்றது.

ஒரு சிறு கணக்கு. நாண்மீன்களைக் கொண்டு எண்ணும் ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிடச் சிறிது நீண்டது. ஏறத்தாழ எழுபத்திரண்டு ஆண்டுகளுக்கு ஒரு நாள் வேறுபடும். ஆகவே குலி குதுப் ஷா கொண்டாடிய மிருகசீரிடம், பருவ ஓட்டத்தில் நம்முடையதற்கு ஐந்தாறு நாட்கள் முந்தியது. மேகத்திற்காக அவன் நம்மைவிடச் சில நாட்கள் கூடுதலாகவே காத்திருந்திருப்பான்.

பருவமழைக்கு முன்னதாக இங்கே இன்னொரு விளையாட்டு உண்டு. பங்குனி, சித்திரை மாதங்களில் நிலம் காய்ந்து, பிற்பகலில் வெங்காற்று மேலெழும். கடற்பக்கத்து ஈரம் அதனுடன் கலந்து, ஒரு மணிநேரத்தில் கோட்டை மதில்போல் மேகம் உயர்ந்து நிற்கும். முதலில் புழுதிக்காற்று, பின்னர் இடி, பின்னர் ஆலங்கட்டி. மேகத்தினுள்ளே மேல்நோக்கி வீசும் காற்று நீர்த்துளியை உறைநிலைக்கு மேலே தூக்கித் தூக்கி எறிவதால் பனிக்கட்டி திரண்டு வீழ்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகள் குவளைகளை ஏந்தி ஓடுவர். அதே ஆலங்கட்டி, நகருக்கு வெளியே மாந்தோப்புக்காரனின் ஓராண்டு உழைப்பை உதிர்த்துவிடும். ‘ஆலி’ என்று சங்க நூல்களிலேயே இதற்குப் பெயர் உண்டு.

ஆலிக்குப் பெயர் வைத்த தமிழ், வானிலிருந்து பஞ்சுபோல் இறங்கும் வெண்பனிக்குத் தனிப்பெயர் வைக்கவில்லை. பனித்துளியும் பனி, மூடுபனியும் பனி, இமயத்துப் பனியும் பனி. மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு இது அலுவலகத் தொல்லையாகவே வாய்த்திருக்கிறது. எல்லைப்புறச் சாலைகளைப் பற்றிய ஓர் ஆவணத்தில் ‘பனியால் சாலை அடைபட்டது’ என்று எழுதினேன். படித்த நண்பர், மார்கழிப் பனிக்குச் சாலை அடைபடுமா என்று கேட்டார். அன்று மாலையே எங்கள் தெருவிலுள்ள, வேலூர்ப் பக்கத்தைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரிடம் சென்றேன். மதராஸ் சாப்பர்கள் எனப்படும் பொறியியற் படையில் பணிபுரிந்தவர், லடாக்கில் இருந்தவர். “பனியைப் படத்திலே பார்த்தால் அழகு, தம்பி. மண்வெட்டியாலே அள்ளிப் பார்த்தால்தான் அதற்கு எத்தனை பெயர் வேண்டும் என்பது தெரியும்” என்றார்.

இந்தப் படையினரைத் ‘தம்பிகள்’ என்றே வடநாட்டுப் படைவீரரும் அழைப்பர். தமிழர் வெண்பனியைச் சந்தித்த வரலாற்றில் அவர்களுக்கு ஓர் இடமுண்டு. 1948 நவம்பர் 1ஆம் நாள், ஏறத்தாழ 11,500 அடி உயரமுள்ள சோஜி லா கணவாயில் 7ஆம் குதிரைப்படையின் டாங்கிகள் ஏறிச் சென்று பகைவரைத் திகைக்கச் செய்தன. அக்கோவேறு கழுதைப் பாதையை டாங்கி ஏறும் வழியாகச் செப்பனிட்டவர்கள் மதராஸ் சாப்பர்களே. ஐதராபாத்தின் பெயர் தாங்கிய படையும் பனிநாட்டிற்குச் சென்றது. எங்கள் ஊருக்கு அருகிலுள்ள பொலாரத்தில் முகாமிட்டிருந்த ஐதராபாத் கண்டிஞ்சண்டின் வழிவந்த படைகள் 1922ஆம் ஆண்டுச் சீரமைப்பில் 19ஆம் ஐதராபாத் ரெஜிமெண்ட் ஆயின. இமயத்துக் குமாவும் மக்கள் அதில் பெருகியமையால் 1945இல் அதன் பெயரே குமாவும் ரெஜிமெண்ட் என மாறிற்று. 1962 நவம்பர் 18ஆம் நாள் ரேசாங் லாவில், மேஜர் சைத்தான் சிங் தலைமையில் நூற்றுக்கு மேற்பட்டோர் பனியில் போரிட்டு மடிந்தது அந்த ரெஜிமெண்டின் 13ஆம் அணியிலேதான்.

ஒரே பருவம் ஒருவர்க்கு இன்பமும் மற்றொருவர்க்குத் துன்பமும் ஆவதை நக்கீரர் முன்பே கண்டார். பத்துப்பாட்டில் 188 அடிகளால் அமைந்த நெடுநல்வாடை, குளிர்ந்த வாடை வீசும் ஒரு நாளைப் பற்றியது. இடையர் நெருப்பில் கைகாய்ச்சுகின்றனர். விசிறிகள் சுருக்கித் தொங்கவிடப்படுகின்றன. யாழின் நரம்பு குளிரால் தளர்ந்து இசைக்க மறுக்கிறது. அரண்மனையில் தனித்திருக்கும் அரசிக்கு அவ்வாடை நெடியது. பாசறையில் நள்ளிரவில் புண்பட்ட வீரரைக் காணத் தூவும் மழையில் நடக்கும் அரசனுக்கோ அது நல்லது. இவ்வாறே பெயருக்குப் பொருள் கூறுவர். சுபேதாரிடம் இதைச் சொன்னேன். தலைவன் நள்ளிரவில் வந்தானா என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொண்டார்.

ஐதராபாத்திலும் மழை நெடியதாகிவிட்ட நாள் ஒன்றுண்டு. நகரின் நடுவே ஓடும் மூசி, ஆண்டின் பெரும்பகுதி கணுக்காலளவு நீருடன் கிடப்பது. குலி குதுப் ஷா இளவரசனாக இருந்தபோது, காதலி பாகமதியைக் காண இவ்வாற்று வெள்ளத்தில் குதிரையை இறக்கினான் என்றும், அஞ்சிய தந்தை 1578இல் பழைய பாலத்தைக் கட்டுவித்தான் என்றும் ஒரு கதை. பாகமதி என ஒருத்தி இருந்தாளா என்றே ஐயுறும் வரலாற்று ஆசிரியர் உளர். பாலம் மட்டும் ஐயத்திற்கு இடமின்றி நிற்கிறது. 1908 செப்டம்பர் 28ஆம் நாள், இரண்டு நாட்கள் ஓயாது பெய்த மழையால் மேற்கேயிருந்த ஏரிகள் இருநூற்றுக்கும் மேல் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து அந்நீரனைத்தும் மூசியில் இறங்கிற்று. மற்றப் பாலங்கள் அழிந்தன. பழைய பாலமே தாங்கிற்று. மாண்டவர் ஏறத்தாழப் பதினையாயிரவர் என்பர். இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்திலுள்ள ஒரு புளியமரத்தின் மேல் ஏறி நூற்றைம்பது பேர் உயிர் பிழைத்தனர். ‘அம்ஜத்’ என்னும் புனைபெயருடைய உருதுக் கவிஞர் தம் தாயையும் மனைவியையும் மகளையும் அவ்வெள்ளத்தில் ஒருங்கே இழந்து தாம் மட்டும் கரையேறினார். மழையைப் பாடிய சுல்தானின் நகரில், மழை கொண்டுபோன குடும்பத்தைப் பாட வேண்டியவரானார் அவர்.

மறு ஆண்டே விசுவேசுவரய்யா ஐதராபாத்திற்கு அழைக்கப்பட்டார். ஆற்றின் கரைகளை மட்டும் உயர்த்துவதால் பயனில்லை. வெள்ளத்தை நகருக்கு மேலேயே தேக்கி, அளவாகத் திறந்துவிட வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. 1920இல் மூசியின் குறுக்கே உஸ்மான் சாகரும், 1927இல் அதன் துணையாறாகிய ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகரும் நிறைவேறின. அச்சத்தினால் கட்டிய அவ்வேரிகள் நெடுங்காலம் நகரின் குடிநீராயின. அவை இருந்தும் அச்சம் முற்றும் நீங்கிவிடவில்லை. 2020 அக்டோபரிலும் பெருமழையால் நகரின் தாழ்ந்த பகுதிகள் நீரில் ஆழ்ந்தன, உயிர்களும் போயின.

உஸ்மான் சாகரை மக்கள் கண்டிப்பேட்டை என்றே அழைக்கின்றனர். நல்ல மழை பெய்த ஆண்டில் அதன் மதகுகள் திறக்கப்படும் செய்தி வந்ததும், நகரத்தார் குடும்பத்தோடு புறப்பட்டுவிடுவர். சுட்ட மக்காச்சோளக் கதிரும், மிளகாய் பஜ்ஜியும், ஆவி பறக்கும் தேநீரும் வழிநெடுக விற்கும். ஓராண்டு புரட்டாசியில் நாங்களும் போனோம். சுபேதாரையும் உடனழைத்துச் சென்றோம். தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. மதகிலிருந்து பாய்ந்த நீரின் சாரல் காற்றில் வந்து எங்கள் முகத்தில் படிந்தது. ஆற்றோரம் வாழ்வோர் விலகியிருக்குமாறு ஒலிபெருக்கி தெலுங்கிலும் உருதுவிலும் மாறி மாறி எச்சரித்தது. என் மகள் குடையை மடக்கிவிட்டுக் கைகளை நீட்டி நின்றாள். சுபேதார் ஒரு கையில் சோளக் கதிருடன், மதகுச் சுவரில் நீர்மட்டம் குறித்திருந்த அளவுகோலை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.