கிழக்கே போகும் வண்டி

வெஸ்டர்ன் படமென்றால் வண்டி மேற்கே போகணும். டாமி லீ ஜோன்ஸ் நடித்து இயக்கிய 'தி ஹோம்ஸ்மேன்' (2014) படத்தில் அது கிழக்கே திரும்புகிறது. 1850களின் நெப்ராஸ்கா. குடியேறிய குடும்பங்களில் மூன்று பெண்களுக்குப் புத்தி பேதலித்துவிடுகிறது. ஒருத்தி மூன்று பிள்ளைகளை டிப்தீரியாவுக்குப் பறிகொடுத்தவள். தனியாளாக விவசாயம் பார்க்கும் மேரி பீ, மூவரையும் வண்டியில் ஏற்றி, மிசூரி ஆற்றைத் தாண்டி அயோவாவில் சேர்க்கக் கிளம்புகிறாள். துணைக்கு பிரிக்ஸ். இன்னொருவன் நிலத்தில் புகுந்து உட்கார்ந்தவன். அவனைத் தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்றியதே அவள்தான். அந்த வேஷம் ஜோன்ஸுக்கு.

படத்தில் என்னைப் பயமுறுத்தியது அந்த நிலத்தின் வெறுமை. கண்ணுக்கெட்டிய தூரம் இன்னொரு வீட்டுப் புகை கிடையாது. சமவெளி என்றால் அப்படித்தான் என்று நினைப்போம். ஆனால் அதே சமவெளியில், அதே பனிக்காற்றில், ஒமாஹா மக்களும் பானீ மக்களும் பெரிய மண்வீடுகளை நெருக்கமாகக் கட்டி ஊராக வாழ்ந்தவர்கள். 1854 ஒப்பந்தத்தில் ஒமாஹாக்களின் நிலத்தில் பெரும்பகுதி அரசின் கைக்குப் போனது. பிறகு வந்தது கட்டம்.

அந்தக் கட்டத்தைப் போட்டது 1785ஆம் வருஷச் சட்டம். ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம். அதற்குள் 36 துண்டு. ஒவ்வொன்றும் 640 ஏக்கர். 1841 சட்டப்படி குடியேறியவர் அதிகபட்சம் 160 ஏக்கர் வாங்கலாம், ஏக்கர் 1.25 டாலருக்கு. ஆனால் அந்த நிலத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கணும். 1862இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம் ஐந்து வருஷம் இருந்தால் நிலம் கிட்டத்தட்ட இலவசம் என்றது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 160 ஏக்கர் சதுரத்தின் ஒரு பக்கம் அரை மைல். எல்லாத் துண்டிலும் ஆள் வந்து, ஆளுக்கொரு வீட்டை நடுவில் கட்டினாலும், பக்கத்து வீடு அரை மைல் தள்ளித்தான். முதலில் வந்தவர்களைச் சுற்றி அந்தத் துண்டுகளும் காலி. ஊர் உருவாக இந்த வரைபடத்தில் இடமே இல்லை. ஆண் சந்தைக்குப் போனால் நாலு முகம் பார்ப்பான். அவள் யாரைப் பார்ப்பாள்?

இதை அந்தக் காலத்திலேயே சொன்னவர் உண்டு. 1893இல் ஈ. வி. ஸ்மாலி 'அட்லாண்டிக் மந்த்லி' இதழில், இந்தத் தனிமை மனிதர்களின் மனநிலையைக் குலைக்கிறது என்றும், விவசாயிகள் ஐரோப்பாவில் போல ஊராகச் சேர்ந்து வாழணும் என்றும் எழுதினார். அதற்குள் எல்லைக்கற்கள் நட்டாயிற்று.

மேரி பீ பாதி வழியில் இறந்துபோகிறாள். அவள் பெயர் செதுக்கிய பலகை ஒன்றை பிரிக்ஸ் செய்து வாங்குகிறான். கடைசியில் படகில் குடித்துவிட்டு ஆடுகிறான். யாரோ ஒருவன் பலகையை ஆற்றுக்குள் உதைத்துத் தள்ளுகிறான். பிரிக்ஸ் கவனிக்கவில்லை. படகு மேற்கே போய்க்கொண்டிருக்கிறது.