இருபத்தொன்று, பதினான்கு, ஏழு

பூ வளர்த்து விற்கும் அமெரிக்கர் ஒருவர், ஈரமாக இருந்த நாற்காலியைக் கவனிக்காமல் உட்கார்ந்தார். அதில் சிந்திக் கிடந்தது நிகோட்டின் கரைசல். அந்தக் காலத்தில் செடிகளில் பூச்சி கொல்ல அதைத்தான் தெளிப்பார்கள். கால்சட்டை நனைந்த சற்று நேரத்திலேயே குமட்டலும் தளர்ச்சியும் வந்து சரிந்துவிட்டார். மருத்துவமனையில் கிடந்து தேறினார். வீட்டுக்கு அனுப்பும்போது, காகிதப் பையில் எடுத்து வைத்திருந்த அதே துணிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். உடுத்திக்கொண்ட கொஞ்ச நேரத்தில் மறுபடியும் விழுந்தார். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1933-ல் இந்தச் சம்பவம் பதிவானது.

நிகோட்டின் தோலைத் துளைத்து ரத்தத்தில் கலக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. புகையிலை அறுவடை செய்யும் கூலியாட்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்த சங்கதி. பனி ஈரம் காயாத இலைகளைக் கையிலும் கக்கத்திலும் அணைத்துக்கொண்டு வேலை செய்தால் சாயங்காலத்துக்குள் வாந்தி, தலைச்சுற்றல். புளோரிடாவில் 1970-லும் வட கரோலினாவில் 1974-லும் மருத்துவர்கள் இதை முறையாக எழுதி வைத்தார்கள். எல்லாம் நஞ்சைப் பற்றிய குறிப்புகள்தான். அதே வழியில் நிகோட்டினையே மருந்தாகவும் செலுத்தலாம் என்ற எண்ணம் வர, பூக்காரர் விழுந்ததிலிருந்து அரை நூற்றாண்டு ஆயிற்று. வேதியியல் இடையில் நிற்கவில்லை. சிகரெட்டை விட முடியாதவன் மன உறுதி இல்லாதவன் என்ற தீர்ப்புதான் குறுக்கே நின்றது.

அந்தத் தீர்ப்பின் மேல் எத்தனையோ வைத்தியங்கள் எழுந்தன. சிகாகோவில் 1899-ல் சிகரெட் எதிர்ப்புச் சங்கம் தொடங்கிய லூசி பேஜ் காஸ்டனின் இயக்கம் 1910-களில் சிகிச்சைக்கூடங்கள் நடத்தியது. வருகிறவர்களின் வாயில் வெள்ளி நைட்ரேட் கரைசலைத் தடவுவார்கள். அதற்குப் பிறகு புகை இழுத்தால் சகிக்க முடியாத சுவை வரும். லோபெலியா என்ற செடியிலிருந்து எடுத்த லோபெலின், 1930-களிலிருந்து மாத்திரையாக விற்றது. ஸ்டாக்ஹோமில் பெர்யே எய்ரூப் 1950-களின் நடுவில் அதையே ஊசியாகப் போட்டு, புகைப் பழக்கத்தை விட உதவும் மருத்துவமனைகளை நடத்தினார். கடைசியில் லோபெலினால் பலனில்லை என்று 1993-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடைகளிலிருந்து அதை விலக்கியது.

மன உறுதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் சிக்மண்ட் ஃப்ராய்டை நினைத்துப் பார்க்கலாம். மனித மனத்தின் ஆழத்தைத் தோண்டுவதையே தொழிலாகக் கொண்டவர். 1890-களில், இதயக் கோளாறுக்காக நண்பர் வில்ஹெல்ம் ஃபிளீஸ் சுருட்டை விடச் சொன்னபோது, விட்ட நாட்களின் அவதியை அவருக்கே கடிதங்களில் எழுதினார். விட்டார், தொட்டார், மறுபடி விட்டார். 1923-ல் வாயில் புற்றுநோய் வந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகும் சுருட்டு அவரைவிட்டுப் போகவில்லை.

உடம்பு கேட்பது புகையை அல்ல, நிகோட்டினை என்று முதலில் சோதித்துக் காட்டியவர் லெனாக்ஸ் ஜான்ஸ்டன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். தனக்கும் முப்பத்தைந்து தன்னார்வலர்களுக்கும் நிகோட்டினை ஊசியாகப் போட்டுப் பார்த்தார். புகைக்கிறவர்களுக்கு ஊசி இன்பமாக இருந்தது, புகைக்காதவர்களுக்குப் பிடிக்கவில்லை. எண்பது ஊசிகளுக்குப் பிறகு சிகரெட்டைவிட ஊசியே விருப்பமாயிற்று, நிறுத்தியதும் ஏக்கம் வந்தது. 1942-ல் லான்செட் இதழில் இதை எழுதினார். உலகப் போர் நடுவில் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. போர்முனைக்குச் சிப்பாய்களின் சாப்பாட்டோடு சிகரெட்டும் போய்க்கொண்டிருந்த காலம் அது.

கதை அடுத்து நகர்வது ஸ்வீடனில். லுண்ட் பல்கலைக்கழகத்தில் விமானிகளின் உடலியலை ஆராய்ந்துகொண்டிருந்த கிளாஸ் லுண்ட்கிரென், 1967 டிசம்பரில் ஒரு கடிதம் எழுதினார். விமானிகளாலும் நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகளாலும் பணி நேரத்தில் புகைக்க முடியாது; அவர்கள் வாயில் அடக்கும் புகையிலைக்குச் சுலபமாக மாறிவிடுகிறார்களே, இதிலிருந்து ஒரு மருந்து செய்ய முடியாதா என்று கேட்டிருந்தார். கடிதம் போனது லியோ என்ற மருந்து நிறுவனத்தில் ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்த ஊவே ஃபெர்னோவுக்கு. அவரே கடும் புகைப் பழக்கம் உள்ளவர். அவருடைய ஆய்வுக்கூடத்தில் பிறந்ததுதான் நிகோட்டின் சூயிங்கம். மென்றால் மொத்தமும் ஒரே மூச்சில் கொட்டிவிடாதபடி நிகோட்டினை ஒரு பிசினோடு பிணைத்தார்கள். வாயின் தோல் அதை உறிஞ்சும்படி, அமிலத்துக்கு எதிரான காரப்பொருளைச் சேர்த்தார்கள். 1978-ல் சுவிட்சர்லாந்தில் விற்பனைக்கு வந்தது, 1984-ல் அமெரிக்காவுக்குப் போனது.

இடையில், 1976-ல், லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் மைக்கேல் ரஸ்ஸல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொன்னார். மனிதர்கள் புகைப்பது நிகோட்டினுக்காக; அவர்களைக் கொல்வது தார். அதுவரை ஒன்றாகப் பார்த்த இரண்டையும் பிரித்து வைத்த பிறகுதான், புகையில்லாத நிகோட்டினை ஒரு மருந்தாக எண்ணிப் பார்க்க மருத்துவர்களுக்குக் கூச்சம் போயிற்று.

சூயிங்கம்மில் ஒரு சிக்கல். நாள் முழுக்க மென்றுகொண்டே இருக்க வேண்டும், அதற்கும் ஒரு முறை உண்டு. தவறாக மென்றால் விக்கலும் வயிற்றெரிச்சலும் வரும். தோல் வழி எளிது. கப்பல் பயணத்தில் வரும் வாந்தியைத் தடுக்கும் ஸ்கோப்பொலமின் பேட்ச்சுக்கு 1979-ல் அமெரிக்கா அனுமதி அளித்திருந்தது. காதுக்குப் பின்னால் ஒட்டினால் மூன்று நாள் மருந்து கசியும். நிகோட்டினுக்கு அதே வழியை இருவேறு இடங்களில் யோசித்தார்கள். நியூ மெக்சிகோவின் சொகோரோ நகரில், சுரங்கத் தொழில்நுட்பக் கல்லூரியில் உளவியல் கற்பித்த ஃபிராங்க் எட்ஸ்கார்ன் கையில் ஆய்வுக்கூடத்து நிகோட்டின் சிந்தியது. தனக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கவனித்தவர், 1986-ல் காப்புரிமை பெற்றார். லாஸ் ஏஞ்சலஸில், குரங்குகளைப் புகைக்கப் பழக்கி ஆராய்ந்த மருத்துவர் முர்ரே ஜார்விக்கும் இளம் ஆய்வாளர் ஜெட் ரோஸும், புகையிலைத் தோட்டக் கூலியாட்களின் நோயிலிருந்து தொடங்கினார்கள். பிறர்மேல் சோதிக்க அனுமதி கிடைக்காததால் தங்கள் தோலில் தாங்களே தடவிக்கொண்டார்கள். நாடித் துடிப்பு ஏறியது. ஜெட் ரோஸின் சகோதரர் டேனியல் ரோஸும் சேர, 1984-ல் முதல் ஆய்வு வெளியானது.

தோட்டத்தில் மயங்கி விழுந்தவர்களின் துன்பத்துக்கு இந்த மருந்து கடன்பட்டிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

சிகரெட்டுக்கும் பேட்ச்சுக்கும் வேகத்தில்தான் பெரிய வேறுபாடு. ஒரு இழுப்பு இழுத்தால் பத்திலிருந்து இருபது நொடிக்குள் நிகோட்டின் மூளையைத் தொடுகிறது. ரத்தத்தில் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. உடனே அடுத்ததைக் கேட்கிறது உடம்பு. ஏறி இறங்கும் இந்த அலைதான் பழக்கத்தை மூளையில் பதிய வைக்கிறது. பேட்ச்சில் ரத்த அளவு உச்சத்துக்கு வரப் பல மணி நேரம் பிடிக்கும், வந்தபின் ஏறக்குறைய சமமாக நிற்கும். கடுமையாகப் புகைப்பவர் பழகிய அளவில் பாதி வரைதான் பொதுவாகக் கிடைக்கும். ஆகவே பேட்ச் ஒட்டினால் ஆசையே வராது என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அது அவதியின் தரையை உயர்த்துகிறது, அவ்வளவுதான். டீக்கடை வாசலிலும் சாப்பாட்டுக்குப் பிறகும் திடீரென்று எழும் நமநமப்பைச் சமாளிக்கச் சூயிங்கம் போன்ற ஒன்றைக் கூடச் சேர்த்தால் வெற்றி வாய்ப்பு கூடுகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

அந்த அவதியை அளந்து எழுதியவர்கள் ஜான் ஹியூஸும் டோரதி ஹட்சுகாமியும். 1986-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில் எரிச்சல், பதற்றம், கவனச் சிதறல், இருப்புக்கொள்ளாமை, பசி, தூக்கக் குறைவு எல்லாம் பட்டியலாயின. நாடித் துடிப்பு இறங்குவதையும் அவர்கள் பதிந்தார்கள். முதல் வாரம்தான் உச்சம். பெரும்பாலோருக்கு மூன்று, நான்கு வாரங்களில் தணிகிறது. பசியும் ஏக்கமும் மட்டும் நீளும். எண்ணிக்கையாகத் தாளில் ஏறியதும்தான், மனைவி மக்கள் மேல் எரிந்து விழும் ஒருவரைக் குணக்கேடு உள்ளவர் என்று சொல்லாமல் நோயாளி என்று பார்க்க முடிந்தது. 1964-ல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை புகைப்பதைப் பழக்கம் என்றுதான் வகைப்படுத்தியிருந்தது. 1988-ல் அதே பதவியில் இருந்த எவரெட் கூப் வெளியிட்ட அறிக்கைதான் அதை அடிமைத்தனம் என்று அறிவித்தது. இருபத்து நான்கு ஆண்டுகள்! அதற்குப் பிறகும், 1994 ஏப்ரலில், ஏழு சிகரெட் நிறுவனத் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சத்தியம் செய்துவிட்டு, நிகோட்டின் யாரையும் அடிமையாக்குவதாகத் தாங்கள் நம்பவில்லை என்றார்கள்.

1991-ன் இறுதியில் அமெரிக்காவில் பேட்ச்சுக்கு அனுமதி கிடைத்தது. 1992-ல் மருந்துக் கடைகளில் இருப்புத் தீர்ந்துபோகும் அளவுக்குக் கூட்டம். அந்தக் கோடையிலேயே, பேட்ச் ஒட்டிக்கொண்டு புகைத்தவர்களுக்கு மாரடைப்பு வந்தது என்ற செய்தி பரவி, விற்பனை சரிந்தது. நிபுணர் குழு ஆராய்ந்து, பேட்ச்தான் காரணம் என்பதற்கு ஆதாரமில்லை என்றது. அச்சம் மட்டும் பல ஆண்டுகள் தங்கிவிட்டது. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கலாம் என்ற நிலை 1996-ல் வந்தது.

பெட்டியோடு வந்ததுதான் இறங்கும் படிக்கட்டு. நாளுக்குப் பத்துக்கு மேல் புகைத்தவருக்கு 21 மில்லிகிராம் ஆறு வாரம், 14 இரண்டு வாரம், 7 இரண்டு வாரம். குறைவாகப் புகைத்தவர் 14-ல் தொடங்குவார். இரவில் கழற்றிவிடும் பேட்ச்களுக்கு 15, 10, 5 என்ற வரிசை. அளவு குறையும் நாட்களை எண்ணிப் பயப்படுகிறவர்கள் அதிகம். 14-லிருந்து 7-க்கு மாறும் வாரத்தில் பழைய எரிச்சல் எட்டிப் பார்ப்பதும், கடைசிப் பேட்ச்சை எடுக்கும் நாளைத் தள்ளிப்போடுவதும், கத்தரிக்கோலால் பாதியாக வெட்டி ஒட்டிக்கொள்வதும் நடக்கிறது. மருந்து கசியும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சவ்வு உள்ள பேட்ச்சை வெட்டினால் அந்தக் கட்டுப்பாடே போய்விடும், வெட்டக் கூடாது.

ஆனால் இந்தப் படிக்கட்டு எவ்வளவு அவசியம்? பல பரிசோதனைகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் ஆய்வு, படிப்படியாகக் குறைப்பது ஒரேயடியாக நிறுத்துவதைவிட மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்று சொன்னது. பலரும் இதைக் கேட்டு வியக்கிறார்கள். உண்மையில் இது ஆறுதல் தரும் செய்தி. கஷ்டமான வேலை முதல் சில வாரங்களிலேயே முடிந்துவிடுகிறது. நிகோட்டினுக்காக மூளையில் பெருகியிருந்த ஏற்பிகள், புகையையும் நிகோட்டினையும் அறவே விட்டவர்களிடம் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் இயல்பு அளவுக்கு வருவதாகப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகள் காட்டின. பேட்ச்சை உரித்த பிறகும் தோலில் தேங்கிய நிகோட்டின் சில மணி நேரம் கசிவதால், கடைசி நாளிலும் சிகரெட்டை நிறுத்துவது போன்ற செங்குத்தான சரிவு இல்லை. படி இறங்குவது உடம்புக்குக் கட்டாயமில்லை என்றாலும், பயப்படும் மனத்துக்குப் பிடிமானம் என்றால் அதை யாரும் பறிக்க வேண்டியதில்லை.

புகையை விட்ட நாட்களில் வரும் படபடப்பு எல்லாம் நிகோட்டினின் கணக்கில் சேர்வதும் இல்லை. புகையில் உள்ள தார்ப்பொருள்கள், காபியின் கஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிடுகின்றன. நிகோட்டினுக்கு அதில் பங்கில்லை. எனவே புகையை நிறுத்தினால், பேட்ச் ஒட்டியிருந்தாலும், அதே இரண்டு டம்ளர் காபி ரத்தத்தில் ஏறக்குறைய இரு மடங்கு கஃபீனாக நிற்கும். தூக்கம் கெடும், கை நடுங்கும். விலகல் அவதி தாங்கவில்லை என்று சிகரெட்டுக்குத் திரும்புகிறவர்களில் சிலருக்குக் காபியைப் பாதியாக்குவதே போதுமானதாக இருந்திருக்கும். இரவு முழுக்க ஒட்டியிருப்பவர்களுக்கு வரும் விசித்திரக் கனவுகளுக்கும் எளிய வழி உண்டு: படுக்கும்முன் பேட்ச்சை எடுத்துவிடலாம். பகலில் மட்டும் ஒட்டுவதால் பலன் குறைவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2009-ல் நிகோட்டின் பேட்ச்சையும் சூயிங்கம்மையும் அத்தியாவசிய மருந்துகளில் சேர்த்தது. 2013-ல் அமெரிக்கா பெட்டியின் மேலிருந்த எச்சரிக்கைகளைத் தளர்த்தியது. இடையில் தவறி ஒரு சிகரெட் பிடித்துவிட்டால் பேட்ச்சைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. குறித்த வாரங்களுக்கு மேலும் தேவைப்பட்டால் மருத்துவரைக் கேட்டுத் தொடரலாம். 1992-ன் பயம் எழுத்தில் நீங்க இருபத்தொரு ஆண்டுகள் ஆயின. அதுவரை எத்தனை பேர் ஒரு சறுக்கலுக்குப் பிறகு பேட்ச்சைப் பிய்த்துவிட்டு, பழைய பாக்கெட்டுக்கே திரும்பியிருப்பார்கள்!

இந்தியாவில் 2002-ல் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு புகையிலையை விட உதவும் மருத்துவமனைகள் தொடங்கின. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவற்றுள் ஒன்று. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2022-ல் நிகோட்டின் மாற்று மருந்துக்கு இடம் கிடைத்தது. பெட்டியின் மேலுள்ள அளவுகளோ சிகரெட்டை எண்ணிப் போட்டவை. கட்டுக் கட்டாகப் பீடி பிடிப்பவருக்கு, எத்தனை என்ற எண்ணிக்கை மட்டும் சரியான தொடக்க அளவைச் சொல்லாது. அங்கே உதவுவது ஸ்வீடனின் உளவியலாளர் கார்ல் ஃபாகர்ஸ்ட்ரோம் 1978-ல் வகுத்த வினாக்களில் ஒன்று: காலையில் கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் புகை? அரை மணிக்குள் என்றால் உடம்பின் பிடி இறுக்கமானது. தொடக்கத்தில் கூடுதல் அளவும், கைவசம் சூயிங்கம்மும் தேவைப்படும்.